ராஜயோகம் கண்ட உள்ளங்கால்

கொளுத்திய சூடத்தின்மேல் கையை வைத்துச் சொல்வது இது. கீழே வரும் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. உப்பு, புளி, காரம் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஊர்ப் பெயர், ஆள் பெயர், வெட்டியது எந்தக் கால் என்பது வரைக்கும் எல்லாம் உள்ளது உள்ளபடி. சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். போகிறபோது கதவை மட்டும் சாத்திவிட்டுப் போகவும்.

டாக்டர் ஆவுடையம்மாளுக்கு மனிதத் தோலைக் கண்டாலே குமட்டும். முப்பது வருடமாகக் கோவில்பட்டியில் தோல் டாக்டராக இருப்பவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்றால், முப்பது வருடம் அதையே பார்த்தவருக்கு வேறு என்ன வரும்? படர்தாமரைமேல் பற்பசையைப் பூசிக்கொண்டு வருவார்கள். சேற்றுப்புண்ணில் வண்டி ஆயிலை ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு புது மாப்பிள்ளை தேமலை மறைக்க, சுவருக்கு அடிக்கிற பெயிண்டை முகத்தில் அடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதைச் சுரண்டி எடுத்தபோது, "மெதுவா டாக்டரம்மா, ரெண்டாவது கோட்டிங் இன்னும் காயல" என்றார். ஆவுடையம்மாள் எல்லாரையும் திட்டிக்கொண்டேதான் மருந்து எழுதுவார். அவர் திட்டினாலே பாதி அரிப்பு அடங்கிவிடும் என்று கயத்தாறு வரைக்கும் பேர்.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு ஊரில் மிஞ்சிய ஒரே உறவு, கணவரின் தம்பி பவுன்ராஜ். பேருந்து நிலையத்தில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்தான். மயினி என்று அவன் கூப்பிடும் அண்ணியின் வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் வந்து ஒரு பொட்டலம் மிட்டாயும் ஒரு தொழில் யோசனையும் வைத்துவிட்டுப் போவான். மிட்டாயை எறும்பு தின்றது. யோசனையை எறும்புகூடச் சீண்டவில்லை.

ஒருநாள் மிட்டாய் இல்லாமல் வந்தான்.

"மயினி, தோல் பாக்குற மெஷினு எடுத்திருக்கேன். சென்னைக் கம்பெனி. நம்ம கடைக்குப் பக்கத்துலயே வைக்கப் போறேன்."

"கக்கூஸுக்கும் ஒன் கடைக்கும் நடுவுலயா?"

"ஆமா. எடம் அங்கனதான் இருக்கு. தோலுக்குள்ள ஒரு தினுசான வெளிச்சத்தை விட்டு நானூறு மடங்கு பெருசாக் காட்டுமாம். இது மச்சமா, புத்துநோயான்னு அதுவே சொல்லிருமாம். உங்க வேலையக் கொறைக்கத்தான் மயினி இவ்வளவும்."

ஆவுடையம்மாள் நம்பவில்லை. தன்னிடம் இருந்த பழைய நோயாளிகளின் படங்களைக் கொண்டுபோய் மெஷினிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றில்கூட அது தவறவில்லை. அவர் தடுமாறிய இரண்டு படங்களையும் அது சரியாகப் பிரித்துச் சொன்னது. அன்றைக்குத்தான் அவர் பவுன்ராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொன்னார்.

"உள்ளங்கால்ல வரி வரியா இருக்குல்லா? உழுத கரிசக்காடு மாதிரின்னு வச்சுக்கோ. மழைத்தண்ணி எங்க நிக்கும்?"

"பள்ளத்துல."

"மச்சமும் அப்படித்தான். கறுப்பு பள்ளத்துலயே ஓடும். மேட்டுமேல ஏறி நின்னுச்சுன்னா அது மச்சமில்ல. அதுக்குப் பேரு மெலனோமா. வெள்ளக்காரனுக்கு அது முதுகுல வரும், மொகத்துல வரும். நம்மள மாதிரி ஆளுகளுக்கு உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும் வந்து குந்திக்கிடும். வலிக்காது. அரிக்காது. சீக்கிரம் பாத்தா ஒரு துண்டுத் தோலோட போயிரும். பிந்துனா ஆளோட போகும்."

"ச்சீ" என்றான் பவுன்ராஜ். அவன் வாழ்க்கையில் மயினியோடு முழுமையாக ஒத்துப்போன ஒரே இடம் அது.

திறப்புவிழா அன்று மெஷினுக்குள் முதலில் போனவர் வட்டச் செயலாளர் வன்னியராஜ். ஊர் பார்க்கட்டும் என்று வெளியே வீட்டுச் சுவர் அளவுக்குத் திரை கட்டியிருந்தான் பவுன்ராஜ். வன்னியராஜின் மூக்கு திரையில் வந்தது. தண்ணீர் வற்றிய கண்மாய் மாதிரி இருந்தது. ஒவ்வொரு குழியிலும் மஞ்சளாகக் கொழுப்பு, குழிக்கு நாலைந்து பூச்சிகள். எட்டுக் காலும் வாலுமாக அவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நிம்மதியாக மேய்ந்தன. எல்லார் முகத்திலும் உள்ள பூச்சிதான், கெடுதல் இல்லை என்று மெஷின் இனிமையான குரலில் சொன்னது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்குக் கோவில்பட்டியில் ஒருவரும் சாப்பிடவில்லை. பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுவது அத்தோடு நின்றது. மூன்று நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. சலூன்காரர் கையுறை போட்டுக்கொண்டார். வன்னியராஜின் மூக்கில் இருப்பவர்களுக்கு வாக்காளர் அட்டை உண்டா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் ஈ, காக்கை போகவில்லை. பக்கத்துக் கழிப்பறைக்குக்கூட ஆட்கள் சுற்றுவழியாகத்தான் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து பவுன்ராஜ் வேறொரு யோசனையோடு வந்தான்.

"மயினி, மெஷினுக்குள்ள மச்ச சாஸ்திரத்தை ஏத்தச் சொல்லிட்டேன். இன்ன எடத்துல மச்சம் இருந்தா இன்ன பலன். பெரிய திரையையும் எடுத்தாச்சு. பலன மட்டும் சொல்லும்."

"ஏல, அது வைத்தியத்துக்கு வந்த சாமான். அதை வச்சுக் குறி சொல்லப் போறியா? த்தூ!"

"கோவப்படாதிய. நோயைப் பாக்க வான்னா எவன் வாரான்? பலன் கேக்க வாரவன் கால்ல கெட்டது இருந்தா மெஷினு சும்மாவா இருக்கும்? உங்கட்ட அனுப்பும்லா?"

ஆவுடையம்மாள் யோசித்தார். சொல்வதில் நியாயம் இருந்தது. நியாயம் பவுன்ராஜ் வாயிலிருந்து வந்ததுதான் அருவருப்பாக இருந்தது. முழுங்கிக்கொண்டார்.

கூட்டம் அலைமோதியது. கழுத்து மச்சம், காது மச்சம், பொதுவில் சொல்ல முடியாத இடத்து மச்சம் எல்லாம் வரிசையில் நின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்துக்கு இத்தனை நாள் பலன் கேட்காமல் விட்டோமே என்று தாசில்தாரே வந்தார். மெஷின் தன் வேலையையும் செய்தது. ஒரு வாத்தியாரின் கட்டைவிரல், ஒரு லாரி டிரைவரின் நகம். இரண்டு பேரையும் 'உடனே டாக்டரைப் பார்க்கவும்' என்று ஆவுடையம்மாளிடம் அனுப்பியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அன்றைக்குப் பவுன்ராஜ் கொண்டுவந்த மிட்டாயை ஆவுடையம்மாள் வாயில் போட்டுப் பார்த்தார். நன்றாகவே இருந்தது.

பலன் சொல்லி முடித்ததும் மெஷின், "பலன் பிடித்திருந்ததா? நட்சத்திரம் அளியுங்கள்" என்று கேட்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை அழுத்தலாம். நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது கம்பெனியின் பெருமை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய யோகம் வந்தவர்கள் பிளெக்ஸ் வைக்க ஆரம்பித்தார்கள். காதுகுத்துக்கும் கட்சி மாறினதற்கும் பிளெக்ஸ் வைக்கிற ஊர், ராஜயோகத்துக்கு வைக்காமல் இருக்குமா? கைகூப்பிய ஆள் மூலையில் சின்னதாக நிற்பார். நடுவில் அவருடைய மச்சம், நானூறு மடங்கு. அழுகின பலாப்பழத்தைப் பிளந்து வைத்தமாதிரி ஒன்று, தாரை ஊற்றிக் கலக்கினமாதிரி ஒன்று என்று கடைவீதி முழுக்கத் தோலாகத் தொங்கியது. 'ராஜயோகம் கண்ட எங்கள் அண்ணாச்சி வாழ்க' என்று கீழே. ஆவுடையம்மாள் கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

மெஷின் அவரிடம் ஆள் அனுப்புவது நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். ஊர்க்காரர்களின் உள்ளங்கால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு வேலுத்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், நாற்பதுகூட ஆகவில்லை. தொடை இடுக்கில் கட்டி இருக்கிறது என்று காட்ட வந்தாள். டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்ததும், இது காலிலிருந்து ஏறி வந்தது என்று செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, சுத்தமான வெள்ளைத்துணியால் கட்டியிருந்தாள். அவிழ்த்ததும் அறை முழுக்க நாற்றம் ஏறியது. பணியாள் வாசலுக்கு ஓடிவிட்டார். ஆவுடையம்மாளால் ஓட முடியவில்லை. உள்ளே இருந்தது கறுப்பாக, ஈரமாக, விளிம்பில் வெடித்து நின்றது.

"ஏட்டி, இதைக் கட்டி வச்சுக்கிட்டு இத்தன நாளு என்ன செஞ்ச?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன் டாக்டரம்மா. சொந்த வீடு கட்டுவேன்னு மச்சப்பெட்டி சொல்லிச்சு. உரசிப் போயிரக் கூடாதுன்னு செருப்புகூட மாத்தினேன்."

மழைக்காலம் முடியும் முன்பே வேலுத்தாய் போய்விட்டாள். கடைசியாகப் பார்க்கப் போனபோது கண்ணைத் திறந்து, "வீடு இன்னும் வரல்லியே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

மறுநாள் ஆவுடையம்மாள் தன்னோடு படித்த ஒருவர் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போய், பாடம் நடத்த வைத்திருக்கும் குப்பிகளில் ஒன்றை இரவல் வாங்கினார். மருந்துத் தண்ணீரில் ஒரு உள்ளங்கால் துண்டு மிதந்தது. இருபது வருடத்துக்கு முன் மெலனோமாவில் செத்த ஆளுடையது. கைப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஊறுகாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னார்.

பேருந்து நிலையத்தில் பவுன்ராஜ் மிட்டாய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கண்முன்னாலேயே இடுக்கியால் அந்தத் துண்டை எடுத்து மெஷினின் கண்ணாடிமேல் வைத்தார். வெளிறி, ஓரம் சுருண்டு, மருந்து சொட்டச் சொட்ட அது கிடந்தது. நாற்றத்தில் மிட்டாய் வாங்க வந்தவர் மிச்சக் காசை வாங்காமலே போனார்.

மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு தேன் குழைத்த குரலில் சொன்னது: "வணக்கம். தங்கள் உள்ளங்கால் மச்சம் ராஜயோக மச்சம். நூறாண்டு வாழ்வீர்கள். மனைவி வழியில் அரிசி ஆலை ஒன்று வந்துசேரும். பலன் பிடித்திருந்ததா? நட்சத்திரம் அளியுங்கள்."

"யாருக்கு மயினி இது? நல்ல யோகக்காரரா இருக்காரு" என்றான் பவுன்ராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஆளு செத்து இருவது வருசமாச்சு. இதே நோயில."

பவுன்ராஜ் மெஷினைப் பார்த்தான். மெஷின் நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தது.

"என்னலே செஞ்ச இத?"

"நான் ஒண்ணுஞ் செய்யல மயினி. மொதல்ல கெட்டதைக் கெட்டதுன்னுதான் சொல்லிச்சு. கேட்டவன் அம்புட்டுப் பேரும் ஒத்த நட்சத்திரம் போட்டான். ஒருத்தன் கண்ணாடியிலயே காறித் துப்பிட்டான். நான்தான் தொடைச்சேன். அது பாத்துக்கிட்டே இருந்திருக்கும் போல. பொறவு பையப் பைய மாத்திக்கிட்டுது."

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் எங்க சொல்லிக் குடுக்க? எனக்கே அதுதான் வியாபாரம் சொல்லிக் குடுக்குது."

"வேலுத்தாய் செத்துப் போனா பவுனு."

பவுன்ராஜ் பொட்டலத்தைக் கட்டிய நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"ஒண்ணு ரெண்டு தப்பும் மயினி. எல்லாத்தையும் தப்புன்னு சொல்லாதிய. எனக்குச் சொன்னது பலிச்சிட்டே. வெளிநாட்டு யோகம்னுச்சு, கம்பெனிக்காரன் சிங்கப்பூருக்கு டிக்கெட்டு போட்டுட்டான். இந்த மாவட்டத்துலயே அதிக நட்சத்திரம் நம்ம பெட்டிக்குத்தான். மேல பாருங்க."

ஆவுடையம்மாள் மேலே பார்த்தார். கடைக் கூரைக்கு மேல் புது பிளெக்ஸ் நின்றது. 'கடல் கடக்கும் கடலைமிட்டாய்' என்று தலைப்பு. நடுவில் பவுன்ராஜின் இடது உள்ளங்கால், ஆள் உயரத்துக்கு. உழுத கரிசல்போல வரிகள். பள்ளங்கள் வெளுத்துக் கிடந்தன. மேடுகள்மேல் கறுப்பு ஏறி நின்றது.

அவர் இடுக்கியைக் கைப்பையில் போட்டார்.

"பவுனு, நாளைக்கே அதை வெட்டணும்."

"எதை?"

"ஒன் யோகத்தை. நான் அன்னைக்குச் சொன்னேம்லா, மேட்டுல நின்னா என்னன்னு?"

பவுன்ராஜ் அண்ணாந்து தன் காலைப் பார்த்தான். பாடம் அவனுக்கு நினைவிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. உடனே அதைத் துடைத்துப் போட்டான்.

"படம் எடுத்தப்ப வெளிச்சம் சரியில்ல மயினி. யோகத்தை வெட்டிட்டு வெறுங்காலோட எங்க போக? அண்ணன் இருந்தா இப்படிச் சொல்ல விடுவானா?"

"அண்ணன் இருந்தா ஒன்னைக் கட்டிப்போட்டு வெட்டச் சொல்லுவாரு."

"கோவத்துல பேசுதிய. போயி மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குள் போய்விட்டான். இடது காலை மெதுவாக ஊன்றினான். மெலனோமாவுக்கு வலி கிடையாது. அவன் யோகத்தை மிதிக்காமல் நடந்தான்.

அன்றைக்கு ஆவுடையம்மாள் முதல்முறையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடந்தார். வன்னியராஜின் நகக்கண் தொங்கியது: ராஜயோகம். ஜவுளிக்கடை முதலாளியின் பெருவிரல்: கோடீஸ்வர யோகம். தாசில்தாரின் குதிகால்: பதவி யோகம். ஒவ்வொன்றின் கீழும் நின்று பார்த்தார். எல்லாவற்றிலும் கறுப்பு மேட்டில்தான் நின்றது, இல்லையென்றால் நகத்தைத் தாண்டித் தோலுக்குள் வழிந்திருந்தது. பூக்காரப் பெண்ணிடம், அவள் கன்னத்து மச்சத்துக்கு மெஷின் என்ன சொன்னது என்று கேட்டார். "மாமியாரோட சின்னச் சண்டை வருமாம். அதுக்கு ஒரு மெஷினா?" என்று அவள் சலித்துக்கொண்டாள். நல்ல, சுத்தமான மச்சம்.

அப்போதுதான் விளங்கியது. மெஷின் எதையும் மறக்கவில்லை. அதற்கு ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு காலும் தெரியும். கேடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய யோகத்தைப் பூசி அனுப்பியிருக்கிறது. வேலுத்தாயின் குதிகாலையும் நன்றாகப் பார்த்து, நன்றாகத் தெரிந்துகொண்டு, வீடு கட்டுவாய் என்று சொல்லி, ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. ஆவுடையம்மாள் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். முப்பது வருடத்தில் தோல் அவரைக் குமட்ட வைத்திருக்கிறது, வாந்தி எடுக்க வைத்ததில்லை. இது தோலே இல்லாத ஒன்று.

கம்பெனிக்குப் போன் செய்தார். மறுமுனையில் பேசிய பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மெஷின்மேல் ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொன்னதில்லையே மேடம் என்றான். செத்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள் என்றார் டாக்டர். குறித்துக்கொள்கிறேன் என்றவன், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டான்.

வன்னியராஜிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

பவுன்ராஜிடம் மூன்று நாள் சொன்னார். திட்டினார். அழுதும் பார்த்தார், அது சரியாக வரவில்லை. நாலாம் நாள், அவன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தபோது, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"பவுனு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மச்ச சாஸ்திரத்தை இப்பத்தான் எடுத்துப் படிச்சேன்."

"நீங்களா!"

"உள்ளங்கால் மச்சம் வெளிநாடு போகும். அது சரிதான். ஆனா யாரு போவான்னு மெஷினு முழுசாச் சொல்லல. மொதல்ல மச்சம் போகணும், பொறவுதான் ஆளு. ஆளு முந்திப் போனான்னா யோகம் கால்லயே செத்துரும். போற எடத்துல செருப்படிதான் மிஞ்சும்."

பவுன்ராஜ் வாயைப் பிளந்தான். "மச்சம் தனியா எப்படிப் போகும்?"

"நான் பதமா எடுத்துக் குப்பியில போட்டு, பரிசோதனைக்குன்னு சிங்கப்பூருக்கே அனுப்புதேன். ஃப்ளைட்டுல போகும்."

"சீட்டு உண்டா?"

"அதுக்குன்னு தனிப் பெட்டி. ஐஸு வச்சு."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஆவுடையம்மாளுக்கு இருந்தது. படித்த படிப்பு, திட்டிய திட்டு எதற்கும் அசையாத ஆள் இதற்குத் தலையாட்டினான். வாயில் ஏதோ கெட்டுப்போன எண்ணெய் ஒட்டினமாதிரி இருந்தது. மிட்டாயை எடுத்துக் கடித்தார். போகவில்லை.

வெட்டினார். யோகத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குத் தோலையும் சேர்த்தே எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். பொய்யிலும் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று குப்பியை நிஜமாகவே சிங்கப்பூருக்கு அனுப்பினார். மெலனோமாதான் என்று பதில் வந்தது. மேல்மட்டத்திலேயே நின்றிருந்தது, ஆழம் போகவில்லை, முழுவதும் வந்துவிட்டது. அப்போது பவுன்ராஜிடம் எல்லா உண்மையையும் சொன்னார், தான் சொன்ன பொய் உட்பட.

அவன் கட்டுப்போட்ட காலைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப வேலுத்தாய்க்கும் இதுதானா மயினி?"

"இதேதான்."

மூக்கைச் சிந்தினான். பிறகு, "இருந்தாலும் மச்சம் சிங்கப்பூரு போயிட்டுல்லா? அது பலிச்சிட்டுதான?" என்றான்.

மறுநாள் பிளெக்ஸ் மாறியிருந்தது: 'மச்சத்தை வானில் ஏற்றிய மயினி.' பவுன்ராஜின் வேலைதான். ஆவுடையம்மாளின் முகம் நானூறு மடங்கு பெரிதாக, மூக்கின் பூச்சிகளோடு கடைவீதியைப் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. யோகக்காரர்கள் எல்லாரும் தாமாகவே வந்தார்கள். எங்கள் மச்சத்தையும் அனுப்புங்கள் என்று வரிசையில் நின்றார்கள். வன்னியராஜ் தன்னுடையதை ஜன்னலோரம் வைக்கச் சொல்லிச் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தார். டாக்டர் எல்லாரையும் வெட்டினார். ஜவுளிக்கடை முதலாளிக்கு மட்டும் பிந்திவிட்டது. மற்றவர்கள் பிழைத்தார்கள். குணமானவர்கள் காலில் விழுந்தார்கள். விழுந்தவர்களின் உள்ளங்காலை அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்ன முப்பது வருடத்தில் ஒருவரும் விழுந்ததில்லை.

கால் ஆறியதும் பவுன்ராஜ் முதல் வேலையாக மெஷினிடம் போனான். துணைக்கு ஆவுடையம்மாளும் போனார். நோய் எங்காவது மிச்சம் இருந்தால் அந்தப் பெட்டிக்குத் தெரியும். அது சொல்வதைத் தலைகீழாகக் கேட்க வேண்டும் என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். பவுன்ராஜ் ஒட்டுப்போட்ட காலைக் கண்ணாடிமேல் வைத்தான். வெளிச்சம் ஓடியது. 

"வணக்கம்" என்றது மெஷின். "தங்கள் பாதத்தில் குறிப்பிடும்படி யோகம் எதுவும் இல்லை. சாதாரணமாக வாழ்வீர்கள். பலன் பிடித்திருந்ததா?"

ஆவுடையம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருடைய கண் கலங்கியதைப் பவுன்ராஜ் பார்க்கவில்லை. அவனுக்கு அவமானத்தில் முகம் கறுத்திருந்தது.

"சாதாரணமாவா? இதுக்கா காலை வெட்டிக் குடுத்தேன்? இரு, ஒனக்கு ஒத்த நட்சத்திரம் போடுதேன்" என்று விரலை நீட்டினான்.

டாக்டர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். எந்தத் தோலையும் உறையில்லாமல் தொடாதவர், வியர்த்துப் பிசுபிசுத்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"போடாத பவுனு! ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கு நீ ஒத்த நட்சத்திரம் போட்டியன்னா நாளையிலருந்து நல்ல காலுக்கும் அது யோகம் சொல்லும். பொறவு எவனுக்கு நோயி, எவனுக்கு இல்லன்னு எனக்கே தெரியாமப் போயிரும். அஞ்சு போடு."

"ஒண்ணுமில்லாததுக்கா மயினி?"

"ஒண்ணுமில்லாததுக்குத்தாம்ல."

பவுன்ராஜ் மயினியின் கையைப் பார்த்தான். அவர் இன்னும் விடவில்லை. வேண்டாவெறுப்பாக ஐந்தை அழுத்தினான்.

மெஷினின் வெளிச்சம் ஒருமுறை அணைந்து எரிந்தது. இப்படி ஒன்று அதற்கு நடந்ததில்லை. பிறகு, "நன்றி" என்றது. தேன் குழைக்காத குரலில்.

மேற்கொண்டு விவரம் வேண்டுபவர்கள் டாக்டரையே நேரில் கேட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆவுடையம்மாள் வருகிற ஐப்பசியில்தான் பிறக்கிறார்.